ஏரிப் பக்கத்து ஜன்னல்

காலையில் ஆபீஸ் கணினியில் பிரவுசரைத் திறந்தால் முதலில் வருவது செய்தியும் இல்லை, மின்னஞ்சலும் இல்லை. என் மகளின் ரத்தச் சர்க்கரை. நீல நிறத்தில் வளைந்து வளைந்து போகும் ஒரு கோடு. அதற்கு மேலே ஒரு சிவப்புக் கோடு, கீழே ஒரு சிவப்புக் கோடு. நீலம் இரண்டு சிவப்புக்கும் நடுவில் ஓடினால் நான் நிம்மதியாக டீ குடிப்பேன். ஓடாவிட்டால் டீ ஆறிப்போகும்.

இந்தப் படத்தை வரைவது நானே எழுதிய ஸ்கிரிப்ட். இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பெருமை வந்துவிடுகிறது, மன்னிக்க வேண்டும். ஐம்பதை நெருங்கும் வயதில் பைத்தான் என்ற கணினி மொழியைக் கற்றுக்கொண்டவளுக்கு அந்தப் பெருமையாவது மிஞ்ச வேண்டாமா?

ஒரகடத்தில் கார் கதவுகளுக்கு ரப்பர் சீல் செய்யும் ஒரு தொழிற்சாலையில் குவாலிட்டி பிரிவில் வேலை செய்கிறேன். கோடு போடுவதுதான் எங்கள் பிழைப்பு. சீலின் தடிமன் இதற்கு மேல் போகக் கூடாது என்று ஒரு கோடு, இதற்குக் கீழே இறங்கக் கூடாது என்று ஒரு கோடு. நடுவில் புள்ளிகள் ஒழுங்காக நடந்து போனால் உலகம் நன்றாக இருக்கிறது. ஒரு புள்ளி தாண்டினால் மெஷினை நிறுத்திக் காரணம் தேடுவோம். வருஷக்கணக்காக இதை எக்செல்லில் போட்டு, பிரிண்ட் எடுத்து, லைன் பக்கத்துப் பலகையில் ஒட்டிக்கொண்டிருந்தோம். யாரும் பார்த்ததில்லை. ஆனால் ஒட்டாமல் விட்டால் மட்டும் எல்லோரும் பார்ப்பார்கள்.

புதிதாக வந்த மேலாளர் ஒரு மீட்டிங்கில் திரையில் தெரிந்த ஒரு மேட்டைக் காட்டி, இது எந்த ஷிஃப்ட், எந்த மெஷின் என்று கேட்டார். ஒருவருக்கும் தெரியவில்லை. தொட்டால் பதில் சொல்கிற மாதிரி சார்ட் வேண்டும் என்றார். எல்லோரும் உடனே குனிந்து நோட்டில் எதையோ எழுத ஆரம்பித்தார்கள். நான் நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வேலை என் தலையில் விழுந்தது.

வீடியோ பார்த்துத்தான் கற்றேன். குன்றத்தூர் வீட்டில் சாம்பார் கொதிக்கும் நேரத்தில் ஒரு பாடம், துணி மடிக்கும் நேரத்தில் ஒரு பாடம். கற்றுக்கொண்டது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. இந்தக் கோப்பைப் படி, இந்த நெடுவரிசையைக் கீழே வை, அதைப் பக்கவாட்டில் வை, படமாக்கி ஒரு வலைப்பக்கமாகச் சேமித்துவிடு. இவ்வளவும் பத்துப் பன்னிரண்டு வரிக்குள் முடிந்துவிடும். சேமித்த கோப்பை இரண்டு முறை தட்டினால் பிரவுசர் திறக்கும். ஒரு புள்ளியின் மேல் மவுஸைக் கொண்டுபோனால் குட்டிப் பெட்டி ஒன்று எழுந்து ஷிஃப்ட், மெஷின், அளவு எல்லாவற்றையும் சொல்லும். ஒரு பகுதியை மட்டும் இழுத்துத் தேர்ந்தெடுத்தால் அது திரை முழுக்கப் பெரிதாகும். ஓரத்தில் இருக்கும் பெயரைத் தட்டினால் அந்தக் கோடு மறையும், மறுபடி தட்டினால் வரும். முதல் படம் சரியாக வந்த அன்று மதியம் நான் சாப்பிடவே இல்லை. கோடுகளை மறைப்பதும் வரவைப்பதுமாக உட்கார்ந்திருந்தேன். பக்கத்து சீட்டுக்காரர் என்னைக் கொஞ்சம் கவலையோடு பார்த்தார்.

அந்த ஸ்கிரிப்ட் வீட்டுக்குள் எப்படி வந்தது என்பதற்கு மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பள்ளியில் படிக்கும்போதே அவளுக்குச் சர்க்கரை வந்துவிட்டது. சாப்பாட்டில் வருவது இல்லை, இன்சுலின் ஊசி இல்லாமல் முடியாத வகை. ஊசிக்கு நாங்கள் பழகிவிட்டோம். பழகாதது கல்லூரிக் கடைசி வருஷத்தில் நடந்தது. மலைக்கோயிலுக்குக் கீழே பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தவளுக்குச் சர்க்கரை சடாரென்று இறங்கி, கண் சொருகி, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பூக்கட்டும் அம்மா ஒருவர் அவள் பையிலிருந்த நோய் விவர அட்டையை யாரையோ படிக்கச் சொல்லிக் கேட்டு, இனிப்புக் கோலி சோடா வாங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கவைத்தார். நான் அப்போது ஆடிட் மீட்டிங்கில் இருந்தேன். மேஜைமேல் போன் அதிர்ந்தது. தெரியாத எண். ஆடிட்டர் முகத்தைப் பார்த்துக்கொண்டே அதை அப்படியே விட்டேன். மறுபடி அதிர்ந்தது. அதன் பிறகு நடந்ததெல்லாம் நல்லபடியாகவே நடந்தது. ஆனாலும் இன்றைக்கும் தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால், பேசுவது லோன் விற்கும் பெண்ணே ஆனாலும், முதல் மணியிலேயே எடுத்து, கடைசிவரை கேட்டுவிட்டுத்தான் வைக்கிறேன்.

அதற்குப் பிறகுதான் சென்சார் வந்தது. பத்து ரூபாய் நாணயம் போல ஒரு வட்டம், மேல் கையின் பின்பக்கத்தில் ஒட்டிக்கொள்ள வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை புதிது. ஒரே இடம் புண்ணாகாமல் இருக்க, கையை மாற்றி மாற்றி ஒட்ட வேண்டும். அது அவள் போனுக்குச் சொல்லும், அவள் போன் என் போனுக்குச் சொல்லும். எல்லாவற்றையும் ஒரு கோப்பாக இறக்கிக்கொள்ளவும் வழி இருந்தது. கோப்பு என்றால் நெடுவரிசைகள். நெடுவரிசைகள் என்றால் என் ஸ்கிரிப்ட். என்னை யார் தடுக்க முடியும்?

படிப்பு முடிந்ததும் ஸ்ரீபெரும்புதூரை ஒட்டிய பென்னலூர்ப் பக்கம் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் டிரெய்னி வேலை கிடைத்தது. முதல் ஷிஃப்ட், குன்றத்தூரிலிருந்து கம்பெனி பஸ். நான் வேண்டாம் என்றேன். அவள் அதற்குள் யூனிஃபார்முக்கு அளவு கொடுத்துவிட்டு வந்திருந்தாள். கடைசியில் நான் ஒரு நிபந்தனை வைத்தேன். புதிய சப்ளையரிடம் நாங்கள் வைக்கும் அதே நிபந்தனை. சோதனைக் காலம் முழுக்கக் கோடு உள்ளே இருந்தால் தொடரலாம். வெளியே போனால் வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்து பேங்க் பரீட்சைக்குப் படிக்க வேண்டும். அவள் யோசிக்காமல் சரி என்றாள். என் வீட்டுக்காரர்தான் தட்டைக் கழுவிக்கொண்டே கேட்டார்.

"நீ பொண்ணு வளக்கிறியா, கார் பார்ட்டு செய்யிறியா?"

மனதுக்குள் பார்ட்டுக்கு இவ்வளவு பயப்பட மாட்டேன் என்று சொல்லிக்கொண்டேன்.

அவள் கம்பெனியில் போனை வாசலிலேயே லாக்கரில் வைத்துவிட வேண்டும். சென்சார் அளந்ததையெல்லாம் தன்னிடமே வைத்திருந்து, இடைவேளையில் அவள் போன் பக்கத்தில் போனதும் மொத்தமாகக் கொட்டும். அதனால் என் படத்தில் அவள் உள்ளே போனதும் கோடு அறுந்துபோகும். முதல் நாள் இது எனக்குத் தெரியாது. என் ஸ்கிரிப்ட் அறுந்த இரண்டு முனைகளையும் ஒரு நேர்கோட்டால் இணைத்துவிட்டிருந்தது. வேலை நேரத்தில் என்ன அமைதி என்று ஆச்சரியப்பட்டேன். அன்று மாலை முழுக் கோப்பையும் இறக்கிப் பார்த்தால் அந்த நேர்கோட்டின் இடத்தில் மேடும் பள்ளமுமாக ஒரு மலைத்தொடர். இடைவெளியை இணைக்காதே என்று ஒரு சொல்லை ஸ்கிரிப்டில் சேர்த்தேன். தெரியாத இடம் வெற்றிடமாகவே இருந்தது. பார்க்கப் பயமாக இருந்தாலும் அதுதான் நேர்மை.

தொல்லை வந்தது அங்கிருந்து இல்லை. பஸ்ஸிலிருந்து வந்தது.

வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே காலையில், அவள் பஸ்ஸில் இருக்கும் நேரத்தில், நீலக் கோடு கீழ்ச் சிவப்பை உடைத்துக்கொண்டு இறங்க ஆரம்பித்தது. அவள் போன் அலறும். என் போனும் அலறும். நான் ஒரகடம் பஸ்ஸில் இருந்தபடி அவளுக்குப் போன் செய்து மிட்டாய் போடு என்பேன். அவள் தூக்கக் குரலில் சரி என்று கடலை மிட்டாயைக் கடிப்பாள். கடிக்கும் சத்தம் கேட்கும்வரை நான் போனை வைக்க மாட்டேன். டீ இடைவேளையில் பார்த்தால் கோடு மேல் சிவப்பைத் தாண்டி நிற்கும். உடனே இன்னொரு போன். டீயில் சர்க்கரை போட்டாயா? அவள் டீயே குடிக்கவில்லை என்று சத்தியம் செய்வாள். அவள் பஸ்ஸில் எங்கள் அலாரம் பிரபலமாகிவிட்டது. ஒருநாள் போனில் பின்னாலிருந்து யாரோ ஒரு பெண் சொல்வது எனக்கே கேட்டது.

"உங்கம்மா கூவுது பாரு, ஏந்திரி. ஸ்டாப்பிங் வரப் போவுது."

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளை உட்காரவைத்து, காலைச் சாப்பாட்டை அவசரமாக விழுங்குவதைப் பற்றி நீளமாகத் திட்டினேன். அடுத்த வாரம் பள்ளம் இல்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. வீட்டுக்காரரிடம் பார்த்தீர்களா என்றேன். பிறகு மறுபடி பள்ளம் வந்தது. மறுபடி திட்டினேன். மறுபடி சரியானது. திட்டு இரண்டு வாரத்துக்குத்தான் தாங்குகிறது என்று ஒரு முடிவுக்கே வந்துவிட்டேன். அதையும் படத்தில் குறிக்கலாமா என்று யோசித்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

மூன்றாம் முறை பள்ளம் வந்தபோது எனக்குப் பொறுமை போய்விட்டது. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் லேப்டாப்பை அவள் முன்னால் வைத்தேன்.

"இது இன்னா?"

"எனக்கின்னாம்மா தெரியும்? உன் சார்ட்டு, நீயே கேளு."

"சாப்பிடாம ஏறுறியா?"

"நாலு இட்லி. நீதான் வச்ச, நீதான் பாத்துகினு நின்ன. எனக்கு ஒடம்புல ஒண்ணுமே தெரியலம்மா. நான்பாட்டுக்குத் தூங்கிகினு இருக்கேன், இது கத்தி எழுப்பி வுடுது."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். நான் லேப்டாப்பை மூடினேன். டாக்டர் முன்பே எச்சரித்திருந்தார். இந்த நோயில் சிலருக்குப் போகப் போகச் சர்க்கரை இறங்குவதை உடம்பு சொல்லிக் காட்டாது, நடுக்கமோ வியர்வையோ வராது, நேராக மயக்கம்தான் என்று. அவளுக்கு அது வந்துவிட்டது என்று நினைத்தேன். உள்ளே போன் கிடையாது, அலாரம் கிடையாது, உடம்பும் சொல்லாது. மெஷின்களுக்கு நடுவில் அவள் விழுவதை நான் அப்போதே பார்த்துவிட்டேன்.

திங்கட்கிழமை ராஜினாமா கொடுத்துவிடு என்றேன். நிபந்தனை நிபந்தனைதான் என்றும் சொன்னேன். அதை நான் சொல்லியிருக்க வேண்டாம். அவள் சண்டை போடவில்லை. டாக்டரிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யலாம் என்று வீட்டுக்காரர் சொன்னதற்கு, கேட்கலாம், ஆனால் பஸ் ஏறக் கூடாது என்றேன்.

சனிக்கிழமை எங்கள் தொழிற்சாலையில் வேறொரு தலைவலி. ஒரு வகை சீல் மெல்லிசாக வருவதாகப் படம் காட்டியது. லைனில் மெஷினைத் திருகித் திருகிப் பார்த்து, இப்போது சீல் தடிமனாக வர ஆரம்பித்திருந்தது. எனக்குச் சந்தேகம் வந்து, எந்தக் கேஜில், அதாவது தடிமன் அளக்கும் கருவியில், அளந்தார்களோ அந்தக் கேஜின் வரிசை எண்படி புள்ளிகளுக்கு நிறம் கொடு என்று ஸ்கிரிப்டில் ஒரு வரி சேர்த்தேன். படம் உடனே இரண்டு நிறமாகப் பிரிந்தது. மெல்லிசுப் புள்ளிகள் எல்லாம் ஒரே நிறம். சீல் நன்றாகத்தான் இருந்தது. அளந்த கேஜ்தான் தேய்ந்திருந்தது. கேஜைப் பார்க்காமல் மெஷினைத் திருகியவர்களை நன்றாகப் பேசிவிட்டேன். புதிதாகச் சேரும் ஒவ்வொரு குழுவுக்கும் முதல் வகுப்பில் நான் சொல்வது இதைத்தான்: சந்தேகம் வந்தால் முதலில் கேஜைப் பார், அப்புறம் பொருளைப் பார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, டாக்டரிடம் காட்டுவதற்காக மகள் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து எல்லா அளவுகளையும் இறக்கி ஒரே படமாகப் போட்டேன். அடுத்த அறையில் அவள் யூனிஃபார்மை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். போகப் போவதில்லை என்று தெரிந்தும் போட்டுக்கொண்டிருந்தாள். அந்த இஸ்திரிப் பெட்டியின் சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை.

பிரவுசர் திறந்ததும் எரிச்சல் வந்தது. என் நீலக் கோட்டைக் காணோம். மார்கழிக் கோலம் மாதிரி நிறம் நிறமாக ஒரு படம். முந்தின நாள் சேர்த்த வரியை எடுக்க மறந்திருந்தேன். அவள் கோப்பிலும் வரிசை எண் என்று ஒரு நெடுவரிசை இருந்திருக்கிறது, சென்சாரின் எண். நான் அதை ஒருநாளும் ஏறிட்டுப் பார்த்ததில்லை. ஸ்கிரிப்ட் பாவம், சொன்னதைச் செய்தது. ஒவ்வொரு சென்சாருக்கும் ஒரு நிறம்.

மூடப் போனேன். மூடவில்லை. காலைப் பள்ளங்கள் எல்லாம் ஆரஞ்சில் இருந்தன, அடுத்து ஊதாவில் இருந்தன, அதற்கடுத்துப் பழுப்பில். நடுவில் வரும் பச்சையிலும் ரோஜாவிலும் ஒன்றுகூட இல்லை. ஓரத்தில் இருந்த பச்சையைத் தட்டினேன், மறைந்தது. ரோஜாவைத் தட்டினேன், மறைந்தது. மிச்சம் நின்றவை எல்லாம் பள்ளம் விழுந்தவை. ஒன்று விட்டு ஒன்று.

ஒரு பள்ளத்தை இழுத்துப் பெரிதாக்கினேன். இத்தனை நாள் நான் மணிக்கொரு சராசரி எடுத்து, கோட்டை வழவழப்பாக்கித்தான் பார்த்திருக்கிறேன். பார்க்க அழகாக இருக்கும். சராசரியை எடுத்துவிட்டுப் பார்த்தால் அது பள்ளமே இல்லை, கிணறு. செங்குத்தாக விழுந்து, கொஞ்ச நேரம் அடியில் கிடந்து, செங்குத்தாக ஏறியது. ரத்தத்தில் இருக்கும் சர்க்கரை அப்படி விழாது. கேஜ்தான் அப்படி விழும்.

அவளைக் கூப்பிட்டேன். இஸ்திரிப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டே வந்தாள். ஆரஞ்சைக் காட்டி, இது எந்தக் கை என்று கேட்டேன். தேதியைப் பார்த்தாள். அத்தை வீட்டுக் கல்யாணத்துக்கு முந்தின நாள் மாற்றியது, வலது கை என்றாள். அப்படியென்றால் பச்சை இடது, ஊதா வலது.

"பஸ்ல எந்தப் பக்கம் ஒக்காருவ?"

"ஏரிப் பக்கம். ஜன்னல் சீட்டு."

குன்றத்தூரிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகும்போது செம்பரம்பாக்கம் ஏரி வலது பக்கம் வரும்.

"ஏரிய பாப்பியா?"

"எங்க பாக்கறது? ஏறின ஒடனே கம்பியில சாஞ்சிகினு தூங்..."

அவள் நிறுத்திவிட்டாள். தன் வலது கையைத் தானே பார்த்தாள். பிறகு ஜன்னலோரமாகப் போய் அந்தக் கையைச் சுவரில் அழுத்திச் சாய்ந்து நின்று காட்டினாள், இஸ்திரிப் பெட்டியோடு. சென்சார் சரியாக அவளுக்கும் சுவருக்கும் நடுவில் நசுங்கியது.

"யம்மா, இது சுகர் இல்ல. பஸ்ஸு."

திங்கட்கிழமை அவளைப் பஸ் ஏற்றினேன். ஒரே ஒரு வேண்டுகோள் வைத்தேன்: சோதித்துப் பார்க்க, எப்போதும் போல வலது பக்கம் சாய்ந்தே தூங்கு, அலாரம் அடித்தால் மிட்டாய் போடாமல், பஸ் நிற்கும் இடத்தில் விரலைக் குத்தி ரத்தத்தில் பார். இதைத்தான் டாக்டர் முதலிலிருந்தே சொல்லியிருந்தார். ஆடுகிற பஸ்ஸில் எப்படிக் குத்துவது என்று அவளும், குத்துகிற நேரத்தில் மயங்கிவிட்டால் என்று நானும், இரண்டு பேருமாகச் சேர்ந்து மிட்டாயில் முடித்துக்கொண்டிருந்தோம். அலாரம் அடித்தது. நான் ஒரகடம் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். போன் செய்யவில்லை. சிக்னலில் நின்றபோது எடுத்த படம் ஒன்று வந்தது. சென்சார் சிவப்புக்குக் கீழே காட்ட, குத்திப் பார்க்கும் கருவி நூற்றுப் பத்து காட்டியது. படத்துக்குக் கீழே இரண்டே சொல்: "தூங்க வுடும்மா."

டாக்டர் சிரித்தார். அழுத்தினால் அப்படித்தான் காட்டும், சென்சார் டப்பாவுக்குள் இருக்கும் காகிதத்திலேயே போட்டிருக்கிறதே என்றார். வீட்டுக்கு வந்து அந்தக் காகிதத்தை விரித்தேன். ஒரு லுங்கி அளவுக்கு விரிந்தது. இருந்தது, கடுகு கடுகான எழுத்தில். இல்லாத குறைவுக்கு மிட்டாய் கொடுத்துக் கொடுத்து உண்மையான ஏற்றத்தை உண்டாக்கியது நான்தான். மெஷினைத் திருகியவர்களைச் சனிக்கிழமை அவ்வளவு பேசியவளும் நான்தான். வீட்டுக்காரர் அதைச் சொல்லிக் காட்டவில்லை. ஒரு வாரம் கழித்துத்தான் சொல்லிக் காட்டினார்.

ராஜினாமா பேச்சு நின்றுபோனது. வலது கையில் சென்சார் இருக்கும் வாரங்களில் அவள் இடது பக்கச் சீட்டில் உட்காருகிறாள். ஏரி இரண்டு வாரம், ரோடு இரண்டு வாரம். காலையில் பஸ்ஸிலிருந்து அலாரம் வருவதில்லை. பின் சீட்டுப் பெண், ஸ்டாப்பிங் தெரியாமல் தவிக்கிறோம் என்று கேலி செய்கிறாளாம்.

எனக்குப் பயம் போய்விட்டது என்று எழுத ஆசைதான். போகவில்லை. அவள் உள்ளே இருக்கும் அந்த வெற்றிடம் தினமும் என் திரையில் இருக்கிறது. இடைவேளை வரும்வரை அதைப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது.

போன வாரம் ஒருநாள், சாப்பாட்டு இடைவேளையில் அந்த வெற்றிடம் நிறைந்தது. நிறைந்ததில் ஒரு சரிவு இருந்தது. இடது கைச் சென்சார், வேலை நேரம், பஸ் இல்லை, ஜன்னல் இல்லை. பெரிதாக்கிப் பார்த்தேன். கிணறு இல்லை. மெல்ல, சாய்ந்து, நிஜமாக இறங்கியிருந்தது. கீழ்ச் சிவப்பைத் தொட்டு, அதற்கும் கீழே கொஞ்சம் போயிருந்தது. என் கை போனைத் தேடியது. மவுஸ் மட்டும் தானாக அந்தச் சரிவில் நகர்ந்துகொண்டே போக, குட்டிப் பெட்டி ஒவ்வொரு அளவாகச் சொல்லிக்கொண்டே வந்தது. அடியில் ஒரு புள்ளி. அதற்கடுத்த புள்ளி கொஞ்சம் மேலே. அதற்கடுத்தது இன்னும் மேலே. பிறகு கோடு நிதானமாக ஏறி, இரண்டு சிவப்புக்கும் நடுவில் வந்து, அங்கேயே ஓடியிருந்தது. எல்லாம் நான் பார்ப்பதற்கு வெகு நேரம் முன்பே முடிந்துவிட்டிருந்தது. அங்கே போன் கிடையாது, அலாரம் கிடையாது. அவள் உடம்பு அவளிடம் சொல்லியிருக்கிறது.

போனை மேஜைமேல் வைத்தேன். டீ ஆறியிருந்தது. குடித்தேன்.

சாயங்காலம் அவள் அதைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. டிபன் பாக்ஸைக் கழுவிக் கவிழ்க்கும்போதுதான், திரும்பாமலே கேட்டாள்.

"பாத்தியா?"

"பாத்தேன்."

"போனே காணோம்."

"நீயே சரி பண்ணி முடிச்சிட்டியே."

பாட்டு மாதிரி ஏதோ முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனாள். துணி துவைக்கப் போடும்போது யூனிஃபார்ம் பையில் கைவிட்டுப் பார்த்தேன். கடலை மிட்டாய்க் காகிதம் ஒன்று, நாலாக மடித்து, காலியாக இருந்தது.